இறக்கை அடிக்காத புறா

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விடிந்தும் விடியாத நேரத்தில், பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் ஒரு ரப்பர் முத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எதிரே அந்த வீட்டுப் பெண், ஒரு சாம்பல் நிறப் புறாவை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். ஆண்டர்சன்பேட்டையில் செருப்புக் கடை வைத்திருப்பவரும், இங்குள்ள புறாக்காரர்களுக்கெல்லாம் தலைவர் மாதிரி இருப்பவருமான பருத்த மனிதர் ஒருவர் மாடிப்படி ஏறிய களைப்பில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"குத்துங்க டிரைவர் சார். நல்லா அழுத்திக் குத்துங்க. அப்புறம் வேற புறா எறங்கிச்சின்னு யாரும் பேசக் கூடாது பாருங்க," என்றார் கடைக்காரர். "இந்தத் தங்கச்சி அப்பிடிலாம் செய்யாதுன்னு எனக்குத் தெரியும்."

"தெரியும்னா எதுக்குண்ணா சீலு?" என்றாள் அவள்.

"ரூல்ஸ் ரூல்ஸ்தான்மா."

அவள் புறாவின் இறக்கையை விசிறி மாதிரி விரித்துக் காட்டினாள். முத்திரையை வைத்து அழுத்துவதற்கு முன் நான் எண்ணிவிட்டேன். நுனியில் நீளமாகப் பத்து இறகுகள். உட்பக்கம் குட்டையாகச் சில. அவற்றை எண்ணி முடிப்பதற்குள் கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார். ஊதா மையில் வட்ட முத்திரை விழுந்தது.

இது எதற்கென்று சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டுக் கூண்டில் இருப்பவை பன்னிரண்டு புறாக்கள். வளர்த்தவன் அவளுடைய தம்பி. அவன் வேலை தேடி வளைகுடா நாட்டுக்குப் போனபோது, "எல்லாத்தையும் யாருக்காவது குட்த்துடுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் கொடுக்கவில்லை. வாரத்தில் ஆறு நாள், மாரிகுப்பம் ரயிலைக் கோரமண்டல் ஸ்டேஷனில் பிடித்து பெங்களூரு போய், ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு இருட்டின பிறகு திரும்புகிறவள். நாற்பது வயதுக்கு இரண்டு குறைவு. விடியும் முன்பே கூண்டைக் கழுவி, தீனி போட்டு, தண்ணீர் மாற்றிவிட்டுத்தான் ரயிலுக்கு ஓடுவாள். இந்தக் கோடையில், பந்தயத்துக்குத் தன் புறாக்களையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டாள்.

எங்கள் ஊர்ப் பந்தயம் வேகப் பந்தயம் அல்ல. யாருடைய புறா அதிக நேரம் இறங்காமல் வானத்தில் நிற்கிறது என்பதுதான் கணக்கு. இதில் பெண் யாரும் புறா விட்டதில்லை. ஆண்கள் கூடிப் பேசி, சிரித்து, கடைசியில் ஒரு நிபந்தனை வைத்தார்கள். ஒரு புறா, ஒரு நாள். காலை ஆறு மணிக்கு விட்டால் மாலை நாலு மணி வரை எங்கும் உட்காரக் கூடாது. ஒவ்வொரு மணி நேரத்துக்குள்ளும் ஒரு தடவையாவது அம்பயர் வெறுங்கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு சொந்த மாடியில் வந்து இறங்க வேண்டும். செய்துவிட்டால் அவளுடைய கூண்டும் பந்தயத்தில் சேரும். தவறினால் பன்னிரண்டையும் அவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். அவள் சரி என்றாள்.

அம்பயராக என்னைப் போட்டார்கள். என் மனைவி அதற்குச் சொன்ன காரணம்: "இந்தாளு சாம்பார்ல கீற கத்திரிக்காய எண்ணிட்டுதான் சாப்புடுவாரு. வேற யாரப் போடுவாங்க?"

ஆறு மணிக்கு அவள் கைகளைத் திறந்தாள். புறா எழும்பும்போது பட்பட்டென்று ஓர் ஓசை வந்தது. இரண்டு இறக்கைகளும் முதுகுக்கு மேலே ஒன்றோடொன்று மோதுகிற ஓசை அது. தரையை விட்டுக் கிளம்புவதுதான் பறவைக்குப் பெரிய பாடு. அந்த நேரத்தில் இறக்கை முழு வீச்சுக்கும் போய்வருகிறது. கீழே அடிக்கும்போது இறகுகள் எல்லாம் சேர்ந்து ஒரே பலகையாகிக் காற்றைத் தள்ளுகின்றன. மேலே தூக்கும்போது இறக்கை பாதி மடங்கி, நுனி இறகுகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் திரும்பி, இடுக்கு வழியாகக் காற்றை விட்டுவிடுகின்றன. இல்லாவிட்டால் கீழே தள்ளிக் கிடைத்ததை மேலே தூக்கும்போது இழந்துவிடும்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்தது என் மகளின் பி.எஸ்ஸி. விலங்கியல் புத்தகத்திலிருந்து. அவள் கல்யாணமாகிப் போன பிறகும் புத்தகம் அலமாரியில் இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு முதல் பக்கத்திலிருந்து படித்தேன். அதில் ஒரு படம் என்னை நிறுத்திவிட்டது. இறக்கையைக் கீழே இழுக்கும் தசை மார்பில் இருக்கிறது, அது சரி. ஆனால் இறக்கையை மேலே தூக்குகிற தசையும் முதுகில் இல்லை, அதே மார்பில்தான், அடியில் இருக்கிறது. அதிலிருந்து கயிறு மாதிரி ஒரு தசைநாண் கிளம்பி, தோளெலும்பு இடுக்கின் மேலேறி வளைந்து, இறக்கையின் மேல்பக்கத்தில் போய்ப் பிடிக்கிறது. கீழே இழுத்தால் மேலே தூக்கும்.

இங்குள்ள தங்கச் சுரங்கத்தில் நான் செய்த வேலை வைண்டிங் இன்ஜின் ஓட்டுவது. ஆட்கள் ஏறி நிற்கும் கேஜ் என்ற இரும்புக் கூண்டை, கீழிருந்து வரும் மணிக் கணக்குப்படி, கயிற்றில் இறக்குவதும் ஏற்றுவதும். இன்ஜின் தரையில் இருக்கும். கயிறு அங்கிருந்து கிளம்பி, ஷாப்ட் என்கிற சுரங்கக் குழியின் மேல் நிற்கும் கோபுரத்துச் சக்கரத்தின் மேலேறி வளைந்து, குழிக்குள் இறங்கும். புத்தகத்தில் பார்த்தது அதே ஏற்பாடு. ஒரு புறாவின் தோளுக்குள் எங்கள் ஷாப்டே இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அதுக்கு இன்னா இப்போ, மணி அடிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்லக் காரணம், அன்று நான் செய்த பிசகு இங்கிருந்துதான் வந்தது. எங்கள் வேலையில் எதுவும் தானாக மேலே வராது. இன்ஜின் நின்றால் கேஜ் நிற்கும், பிரேக் இல்லாவிட்டால் விழும். மேலே இருக்கிற எதையும் யாரோ, ஏதோ, அந்த நொடியில் இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் இதைக் கையால் செய்தவனுக்கு வேறு விதமாக நினைக்க வராது.

ஒன்பது மணி வரை சிரமமில்லை. புறா எங்கள் தெருவுக்கு மேலேயே பெரிய வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பத்துக்கு மேல் அது உயரப் போய்விட்டது. வானத்தில் எது புறா, எது வேறு என்று பிரிக்க எனக்கு ஒரு வழி இருந்தது. காக்கையின் இறக்கை அடிப்பை எண்ணிவிடலாம். கொக்கை நிதானமாக எண்ணலாம். புறாவை எண்ண முடியாது. ஒரு துடிப்பு மட்டும்தான் தெரியும். பருந்துக்கு எண்ணவே ஒன்றுமில்லை. ஆகவே எண்ண வராமல் துடிக்கிற புள்ளியைத் தேடினேன். பதினொன்றுக்குள் பார்த்தேன். பன்னிரண்டுக்குள் பார்த்தேன். பார்க்கும்போதெல்லாம் கையைத் தூக்கி, "கண்டது" என்று சொல்ல வேண்டும். கடைக்காரர் தலையாட்டுவார்.

மனைவி சாப்பாடு கொண்டுவந்து, இரண்டு மாடிக்கும் நடுவிலுள்ள சுவரின் மேல் வைத்தாள். "கழுத்து சுளுக்கிச்சின்னா நான் நீவமாட்டேன், சொல்ட்டேன்."

"நீ போ. மணி ஆவுது."

"இன்னா ஆவுது? அது மேல கீது. நீங்க கீழ கீறீங்க. ரெண்டு பேர்ல யாராவது ஒர்த்தர் சாப்புடுங்க."

பக்கத்து வீட்டுப் பெண் சிரிக்கவில்லை. காலையிலிருந்து அவள் ஓரிடத்தில் உட்காரவில்லை. கூண்டைத் துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். உள்ளே இருந்த பதினொன்றும் அவளைப் பார்த்துக் குனுகிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் கொஞ்சம் நின்றுவிட்டு நகர்ந்தாள்.

இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், அதுவும் இரண்டே காலுக்கு. மூன்று அடித்த பிறகு கடைசி மணி நேரம். என்னால் நாற்காலியில் இருக்க முடியவில்லை. மாடியின் நாலு மூலைக்கும் போய்ப் போய் நின்றேன். வடக்கே ஒன்றுமில்லை. கிழக்கே தண்ணீர்த் தொட்டியின் மேல் காக்கைகள். தெற்கே சைனைடு மேடு.

அதைச் சொல்ல வேண்டும். பாறையை மாவாக அரைத்து, சைனைடு கரைசல் விட்டுத் தங்கத்தை எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சின மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிவிட்ட மேடு அது. ஒரு மரம் கிடையாது. மே மாத வெயிலில் அது அடுப்புக்கல் மாதிரி காயும். காய்ந்த மண் மேலிருக்கிற காற்றைச் சுடவைக்கும், சூடான காற்று எழும்பும். அந்த எழும்பும் காற்றின் மேல் ஏழு பருந்துகள் வட்டமிட்டுக்கொண்டிருந்தன. எட்டாவதாகச் சிறியது ஒன்று, மற்றவற்றை விட உயரத்தில்.

மூன்றரை ஆயிற்று. "கண்டது" என்று நான் சொல்லவில்லை.

"டிரைவர் சார்," என்றார் கடைக்காரர். குரலில் கேலி இல்லை. அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "நாம வந்து... கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

"பார்த்துகினுதான் இருக்கேன்."

அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். வியர்வையில் முகம் நனைந்திருந்தது. "பெரிப்பா, அதோ கீது."

"எங்க?"

"மேட்டு மேல. பருந்துங்களோட." கையை நீட்டிக் காட்டினாள்.

"அதெல்லாம் பருந்து."

"ஒண்ணு சின்னதா கீதில்ல?"

"அது குட்டிப் பருந்து. இறக்கையே அடிக்கல பார். அடிக்காம புறா எப்படிம்மா நிக்கும்?"

"நிக்கும் பெரிப்பா."

"அம்பயர்கிட்ட சொல்லிக் குடுக்கக் கூடாது தங்கச்சி," என்றார் கடைக்காரர்.

"நான் இன்னா பரீட்சையா எழுதறேன், சொல்லிக் குடுக்க? என் புறாவ நான் காட்டறேன்."

எனக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. வலது கண்ணுக்கு இன்னும் நாள் குறிக்கவில்லை. வலதை மூடிக்கொண்டு இடதால் பார்த்தேன். அந்தச் சிறிய பறவை இறக்கைகளை விரித்தபடி, ஒரு பக்கம் சாய்ந்து வட்டம் போட்டது. நான் எண்ணினேன். பூஜ்யம். இன்னொரு வட்டம். பூஜ்யம். நடுவில் ஒரு தடவை ஏதோ நடுங்கின மாதிரி இருந்தது. அது என் கண் நீராகவும் இருக்கலாம். அதை வைத்துக் கையைத் தூக்க முடியுமா?

தூக்கியிருக்கலாம். என்னை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இன்ஜின் அறையில் உட்கார்ந்தவனுக்குக் குழியும் தெரியாது, கேஜும் தெரியாது. சுவரில் ஆழம் காட்டுகிற ஒரு முள்ளும், காதில் மணியும்தான். மணி எத்தனை தடவை அடித்தது என்று சந்தேகம் வந்தால் நகர்த்தக் கூடாது. கேட்காத மணியைக் கேட்டதாக நினைத்து லீவரைத் தொட்டால் உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பழக்கம் என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டது. இந்தப் பக்கம் பார்த்தால் கூண்டில் பதினொன்று. சாயங்காலம் சாக்கில் போட்டு எடுத்துப் போவார்கள். செருப்புக் கடையின் பின்னால் ஒரு கூண்டு காலியாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

மூன்றே முக்கால்.

அப்போது மாடியில் வெளிச்சம் மங்கியது. பூதிகோட்டைப் பக்கமிருந்து ஒரு மேகம் வந்து சூரியனை மூடியது. கோடைமழை மேகம், அடியில் கறுத்து, மெதுவாக நகர்கிறது. அதன் நிழல் முதலில் எங்கள் தெருவில் விழுந்தது, பிறகு கூரைகளைத் தாண்டிப் போய்ச் சைனைடு மேட்டின் மேல் ஏறியது. வெள்ளையாகக் கண்ணைப் பறித்துக்கொண்டிருந்த மண் சாம்பல் நிறமானது.

கொஞ்ச நேரம் ஒன்றும் மாறவில்லை. பிறகு பருந்துகள் தாழ்ந்தன. ஒன்று விலகிக் கிழக்கே சரிந்தது. இன்னொன்று அதன் பின்னால். சோம்பலாக இரண்டு அடி, மூன்று அடி இறக்கை அடித்தன, எண்ண முடிந்தது. கீழே அடுப்பு அணைந்துவிட்டது, மேலே காற்று எழும்பவில்லை, அவ்வளவுதான். எட்டாவது பறவைக்கும் பிடிமானம் போயிற்று. அது சட்டென்று கொஞ்சம் விழுந்தது. பிறகு துடித்தது. நான் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு... எண்ண வரவில்லை.

"கண்டது!" என்று கத்தினேன். தெருவில் போன ஒரு ஸ்கூட்டர்காரர் நின்று மேலே பார்த்தார்.

கடைக்காரர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். மேட்டை விட்டு நேராக எங்களை நோக்கித் துடித்துக்கொண்டு வந்தது அது. பருந்து அப்படி வராது. "புறாதான்," என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மணி நாலாவ பத்து நிமிசம் கீது."

அவள் சுவரின் மேல் இரண்டு கைகளையும் ஊன்றித் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றாள்.

நாலு மணி ஆனதும் கூண்டிலிருந்து ஒரு வெள்ளைப் புறாவை எடுத்து மாடியில் நடக்க விட்டாள். மேலே பறக்கிற புறாவுக்கு வீடு எது என்று காட்ட அதுதான் வழி. பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. சாம்பல் புறா வட்டத்தைச் சுருக்கிக்கொண்டு இறங்கி, நாங்கள் நின்ற மாடியை விட்டுவிட்டு, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை நோக்கிப் போயிற்று. அங்கே உட்கார்ந்தால் எல்லாம் போச்சு. தொட்டிக்கு மேல் இறக்கைகளைத் தூக்கி, வாலை விசிறியாக விரித்து, வேகத்தைக் குறைத்தது; கால்களையும் நீட்டிவிட்டது. அவள் இன்னொரு தடவை விசில் அடித்தாள். நீட்டின கால்களை மடக்கிக்கொண்டு, தொட்டியைத் தொடாமல், நாலைந்து பலமான அடியில் தெருவைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து விழுந்தது. விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இறக்கைகள் இரண்டும் தரையில் தொங்கின.

அவள் அதைத் தூக்கி இறக்கையை விரித்தாள். ஊதா வட்டம் கொஞ்சம் கலைந்திருந்தது. கடைக்காரர் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, தலையைச் சொறிந்தார்.

"சரிம்மா. ஒத்துக்கறேன். வர்ற ஞாயித்துக்கெழம மொத சுத்து. மூணு புறா வுடணும்."

"ஞாயித்துக்கெழம எனக்கு டியூட்டி. இந்த வாரம் லீவு எடுத்துட்டேன், அடுத்த வாரம் குடுக்கமாட்டாங்க."

"அப்போ எப்பிடி? வூட்டு ஆள் ஒர்த்தராவது இருந்து வுட்டு எறக்கணுமே?"

அவள் என்னைப் பார்த்தாள். கடைக்காரரும் என்னைப் பார்த்தார்.

"சுவருக்கு அந்தாண்ட இருந்தா வூட்டு ஆள்தான்," என்றாள். "பெரிப்பா எறக்குவாரு."

"அப்போ அம்பயர் அவரில்ல. வேற ஆளப் பாத்துக்கறோம்," என்று சொல்லிவிட்டுக் கடைக்காரர் கீழே இறங்கினார். பாதிப் படியில் நின்று, "கண்டதுன்னு கத்துனீங்களே டிரைவர் சார், ஷாப்டு சைரன் மாதிரி இருந்துச்சி," என்றார்.

அவர் போன பிறகு அவள் சொன்னாள்: "பெரிப்பா, உண்மையச் சொல்லட்டா? எனக்கும் தெரியல. அது பருந்துன்னுதான் நானும் நெனச்சேன். நாலு பக்கமும் பாத்தேன், எங்கியும் இல்ல. சரி அதுவாச்சும் இருக்கட்டும்னு கைய நீட்டுனேன்."

"அப்போ நிக்கும்னு அடிச்சு சொன்னியே?"

"வேற இன்னா சொல்றது?"

எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. புறா எவ்வளவு நேரம் அந்தக் காற்றில் சும்மா நின்றது, பருந்துகளைப் பார்த்துச் செய்ததா, களைத்துப்போய்த் தற்செயலாக அகப்பட்டதா என்பதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். மேலே எழும்புகிற காற்றில் விரித்த இறக்கை போதும் என்பது புத்தகத்திலும் இருந்தது. அந்தப் பக்கத்தையும் நான் படித்திருந்தேன்.

இன்று வெள்ளிக்கிழமை. நாளை மறுநாள் அவள் விடியற்காலை ரயிலில் போய்விடுவாள். போவதற்கு முன் மூன்று புறாக்களையும் பிரித்து வைத்துவிடுவாள். ஆறு மணிக்குக் கதவைத் திறப்பது எனக்குக் கஷ்டமில்லை. வெள்ளைப் புறாவைப் பிடிக்கவும் கற்றுக்கொண்டேன். பிடித்து வைத்ததில் மூன்று தடவை கையில் எச்சமிட்டது. பிரச்சினை விசில். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. எனக்குப் பல்செட். பல்லோடு அடித்தால் காற்று மட்டும் வருகிறது. பல்லைக் கழற்றிவிட்டு அடித்தால் காற்றுகூட வருவதில்லை. திங்கள் முதல் காலையும் மாலையும் மாடியில் நின்று ஊதிக்கொண்டிருக்கிறேன். தம்ளர், பேனா மூடி, மருந்துக் குப்பி எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டேன். கடையில் வாங்கின விசிலுக்குப் புறாக்கள் பயந்து கூண்டின் மூலையில் ஒடுங்கின.

நேற்று மாலை மனைவி துணி எடுக்க மாடிக்கு வந்தாள். சிறிது நேரம் என்னைப் பார்த்தாள். பிறகு துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு விரலை வாயில் வைத்தாள். தெருக்கோடி வரை கேட்டது. கூண்டுக்குள் பன்னிரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் எங்கள் பக்கம் திரும்பின. கல்யாணமாகி நாற்பத்தாறு வருடத்தில் அவளுக்கு இது தெரியும் என்று எனக்குத் தெரியாது.

"ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போவணும், மத்தியானத்துக்குள்ள வந்துடறேன்," என்றாள். "அது வரைக்கும் எறங்காம பாத்துக்குங்க."

மத்தியானம் என்றால் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அவள் அதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டாள்.